குறைஞ்ச காசுல ஒரு சின்ன ஏர்போட்: எந்த இன்ஜின் போடலாம்?

ஏர்போட்னா தண்ணிக்கு மேல, போட்டோட பின்பக்கம் விமானத்துல இருக்குற மாதிரி ஒரு ப்ராப் (ப்ரொப்பெல்லர்) சுத்தி, காத்தால தள்ளிட்டுப் போற போட். அத கட்டணும்னு ஆசப்படுறவங்க எல்லாரும் கடைசியில வந்து நிக்கிற கேள்வி ஒண்ணு தான். சின்ன 6.5 ஹெச்பி இன்ஜின் போதுமா, பழைய பைக் இன்ஜின் வாங்கிடலாமா, இல்ல மாருதி 800 இன்ஜினையே தூக்கி வச்சுடலாமா? வீடியோல பாத்தா எல்லாமே ஓடுற மாதிரி தான் தெரியும். ஆனா கையில 60,000, 70,000 ரூபா தான் இருக்குன்னா, தப்பான இன்ஜின்ல 20,000 போயிடுச்சுன்னா போட் பாதியிலயே நின்னுடும், அதனால வாங்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் கணக்கு போட்டுப் பாக்கலாம்.

நான் இங்க பேசுறது ஒருத்தரோ ரெண்டு பேரோ போற மாதிரி, 10-லருந்து 12 அடி நீளம், தட்டை அடி உள்ள போட். ஃப்ளோரிடாவுல ஆளுங்கள ஏத்திட்டுப் போற வி8 இன்ஜின் போட் இல்ல. ஒரு அளவுக்காக சொல்றேன், அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல பேர் ரிவர் பறவை சரணாலயத்துக்காரங்க 1943-ல சேத்துல போறதுக்குன்னு அவங்களே கட்டுன ஏர்போட் 12 அடி அலுமினிய போட், அதுல வச்சது 40 ஹெச்பி விமான இன்ஜின். நம்ம பேசப்போறது எல்லாமே அதுக்கும் கீழ தான்.

முதல்ல எத வச்சு முடிவு பண்றது

ஹெச்பிய மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. ஏர்போட்டுக்கு வேண்டியது தள்ளுவிசை, அதாவது ப்ராப் எத்தன கிலோ விசையோட போட்ட தள்ளுதுன்றது. அது இன்ஜின் சக்தியயும் ப்ராப்போட விட்டத்தயும் சேத்து தான் வருது. ஹெச்பிய ரெட்டிப்பாக்குனா நின்ன இடத்துல தள்ளுவிசை ரெட்டிப்பாகாது, சுமாரா 1.6 மடங்கு தான் ஆகும். அதே இன்ஜின வச்சுக்கிட்டு ப்ராப் விட்டத்த ரெட்டிப்பாக்குனாலும் அதே 1.6 மடங்கு வரும். அதாவது பெரிய ப்ராப்ப மெதுவா சுத்துறது, காசு கொடுக்காம ஹெச்பி வாங்குற மாதிரி. இத பிடிச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும்.

அடுத்தது எடை. இன்ஜின், ஃப்ரேம், போட், பெட்ரோல், ஆளு எல்லாம் சேத்து மொத்த எடையில அஞ்சுல ஒரு பங்காவது தள்ளுவிசை இருந்தா போட் தண்ணிய விட்டு மேல எழும்பி வழுக்கி ஓடும். ஏழுல ஒரு பங்கு, எட்டுல ஒரு பங்குன்னு இருந்தா மூக்க தூக்கிக்கிட்டு தண்ணிய உழுதுட்டுப் போகும், ஓடும், ஆனா நடக்குற வேகத்த விட கொஞ்சம் தான் கூட இருக்கும். ஆகாயத்தாமரை, கோரைப்புல் மேல ஏறிப் போகணும்னா இன்னும் கூட வேணும், மூணுல ஒரு பங்கு இருந்தா நிம்மதி.

மூணாவது, ப்ராப் நுனி வேகம். விட்டத்த மீட்டர்ல எடுத்து, 3.14-ஆல பெருக்கி, ஆர்பிஎம்மால (நிமிஷத்துக்கு எத்தன சுத்து) பெருக்கி, 60-ஆல வகுத்தா நொடிக்கு எத்தன மீட்டர்னு வரும். மரப் ப்ராப்புக்கு 200-க்குள்ள வச்சுக்கிட்டா நல்லது, 240-க்கு மேல போச்சுன்னா சத்தம் ஊரையே எழுப்பும், வர்ற சக்தியும் சத்தமா தான் போகும்.

கடைசியா ரெண்டு விஷயம். உங்க ஊர்ல ஸ்பேர் கிடைக்குதா, உங்க பக்கத்துல நல்ல லேத்துக்காரர் இருக்காரா. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா பாதி முடிவு இதுல தான் இருக்கு.

6.5 ஹெச்பி பெட்ரோல் இன்ஜின்

தண்ணி பம்பு, பவர் வீடர், சின்ன ஜெனரேட்டர்ல வர்ற 196 சிசி இன்ஜின். ஹோண்டா ஜிஎக்ஸ்200-ம் அத பாத்து செஞ்ச சைனா இன்ஜினும் தான் இது. எடை 16 கிலோ, சைனா இன்ஜின் புதுசே பத்தாயிரத்த ஒட்டி கிடைச்சுடும், கயிற இழுத்தா ஓடும். 6.5 ஹெச்பின்னு ஸ்டிக்கர்ல போட்டிருந்தாலும் ஹோண்டாவோட நெட் கணக்கு 3600 ஆர்பிஎம்ல 5.5 ஹெச்பி தான்.

கிராங்குலயே, அதாவது இன்ஜின்லருந்து வெளிய வர்ற ஷாஃப்ட்லயே, 90 சென்டிமீட்டர் ப்ராப்ப மாட்டுனா கிடைக்கிறது 20 கிலோ தள்ளுவிசை. போட் 45 கிலோ, ஆளு 70, இன்ஜினும் ஃப்ரேமும் ப்ராப்ப சுத்தி வர்ற கம்பிக் கூண்டும் 35, மொத்தம் 150 கிலோ. அப்ப ஏழுல ஒரு பங்கு தான், எழும்பாது. இதுக்கே பெல்ட் போட்டு 3600-அ 2000 ஆர்பிஎம்முக்கு குறைச்சு 1.3 மீட்டர் ப்ராப் மாட்டுனீங்கன்னா 26 கிலோ பக்கம் வரும், சத்தமும் பாதியா குறைஞ்ச மாதிரி இருக்கும். ரெண்டு புல்லி, ஷாஃப்ட்ட தாங்குற பேரிங் வச்ச ரெண்டு பிளம்மர் பிளாக், ஒரு ஷாஃப்ட், அவ்ளோ தான் செலவு. ஒல்லியான ஆளு, லேசான போட்னா அப்ப எழும்புற எல்லைக்கு வந்துடும்.

மறைஞ்சிருக்கிற செலவு எங்கன்னா, இது பத்தலன்னு தோணுனதும் எல்லாரும் வேகம் எல்ல மீறாம பிடிச்சு வைக்கிற கவர்னர கழட்டிடுறாங்க. 3600-க்கு மேல ஓட்டுறதுக்கு இதோட ஃப்ளைவீலும் கனெக்டிங் ராடும் செஞ்சதில்ல, ஃப்ளைவீல் வெடிச்சா துண்டு எந்தப் பக்கம் பறக்கும்னு யாருக்கும் தெரியாது, நீங்க உக்காந்திருக்கிறதோ அதுக்கு ரெண்டு அடி முன்னாடி. கவர்னர் இருக்கட்டும். பெட்ரோல் முழு த்ராட்டில்ல மணிக்கு ரெண்டு லிட்டருக்குள்ள தான் குடிக்கும், மத்த எதுவும் இதுக்கு கிட்ட வராது.

ஒருத்தர் மட்டும் போறது, அமைதியான ஏரி, வேகம் முக்கியமில்ல, முதல் தடவ கட்டுறீங்கன்னா இது நல்ல தேர்வு. தாமரைக் கொடி மேல ஏறணும்னா இத வாங்காதீங்க.

பழைய பைக் இன்ஜின்

நம்ம ஊருக்கு என்னோட முதல் ஓட்டு இதுக்கு தான், அதனால இத கொஞ்சம் நீட்டியே எழுதுறேன்.

பல்சர் 220 மாதிரி ஒரு இன்ஜின்ல 8500 ஆர்பிஎம்ல 21 ஹெச்பி வருது. புதுப்பேட்டையோ, உங்க ஊர் பழைய இரும்புக் கடையோ, கண்டிஷனப் பொறுத்து 15,000-க்கு மேலயோ கீழயோ கிடைக்கும். பிஸ்டன் ரிங்குலருந்து கார்புரேட்டர் ஜெட் வரைக்கும் எல்லா ஊர்லயும் ஸ்பேர் இருக்கு, திறந்து மூடத் தெரிஞ்ச மெக்கானிக்கும் தெருவுக்கு ஒருத்தர் இருக்காரு.

இதோட பெரிய வசதி, ரிடக்ஷன், அதாவது சுத்துற வேகத்த குறைக்கிற அமைப்பு, இன்ஜினுக்குள்ளயே இருக்கு. 150-லருந்து 220 சிசி வரைக்கும் பெரும்பாலான பைக்ல கிராங்குலருந்து கிளட்சுக்குப் போகும்போதே வேகம் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கா குறைஞ்சுடும், டாப் கியர்ல அது அப்படியே வெளிய வரும். அதாவது இன்ஜின் 8500-ல சுத்துனா முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடுற பல் சக்கரம்) 2700 பக்கம் சுத்தும். 1.3 மீட்டர் ப்ராப்புக்கு இது அளவெடுத்து தச்ச வேகம், நுனி 184 மீட்டர் தான் போகுது. அதனால அங்கருந்து ப்ராப் ஷாஃப்ட்டுக்கு ஒரே பல் எண்ணிக்கை உள்ள ரெண்டு ஸ்ப்ராக்கெட் போட்டா போதும். இங்க தான் நெறைய பேர் சறுக்குறாங்க, பைக்கோட பெரிய பின் ஸ்ப்ராக்கெட்டையே ப்ராப்புக்கு மாட்டிடுறாங்க, அப்ப ப்ராப் 1000 ஆர்பிஎம் கூட தொடாது, இன்ஜின் கத்தும், போட் நகராது.

கிளட்ச் இருக்குறதால ப்ராப் சுத்தாம இன்ஜின ஸ்டார்ட் பண்ணி சூடாக்கலாம். மத்த இன்ஜின்ல பெரும்பாலும் ஸ்டார்ட் ஆன நொடியிலருந்து ப்ராப் சுத்தும், கரையில ஆளு, குழந்தைங்க, நாய் எல்லாம் நிக்கிற இடத்துல இது எவ்ளோ பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

இப்ப கஷ்டங்கள். பைக்ல கிராங்க் குறுக்க கிடக்கும், நமக்கு ப்ராப் ஷாஃப்ட் போட்டோட நீளவாக்குல போகணும், அதனால இன்ஜின் 90 டிகிரி திரும்பி போட்டுக்கு குறுக்க தான் உக்காரும். பைக்ல முன்னாடியிலருந்து காத்து வாங்குற மாதிரி இருந்த சிலிண்டரும் ஆயில் கூலரும் இப்ப பக்கவாட்டப் பாக்கும். தகரத்த வளைச்சு காத்த அந்தப் பக்கம் திருப்பி விடணும், ஆயில் கூலர கழட்டி ப்ராப்புக்கு முன்னாடி காத்து இழுக்குற இடத்துல தனியா மாட்டணும். முழு த்ராட்டில்ல பத்து நிமிஷம் தொடர்ந்து ஓட்டுறது பைக்ல நடக்கவே நடக்காத விஷயம், ஏர்போட்ல அது தான் வாடிக்கை, அதனால கூலிங்ல கஞ்சத்தனம் வேண்டாம்.

ரெண்டாவது, ப்ராப்போட தள்ளுவிசைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் மேல ஏத்தக்கூடாது. ப்ராப்புக்கு தனி ஷாஃப்ட், ரெண்டு பக்கம் நல்ல பிளம்மர் பிளாக், தள்ளுற விசை போட்டுக்கு அந்த பிளம்மர் பிளாக் வழியா தான் போகணும். ஒத்த சிலிண்டர் இன்ஜின் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு உதை குடுக்கும், கனமான ப்ராப் அத ஏத்துக்காது, நடுவுல செயின் பாடுபடும். பைக்கோட பின் சக்கர ஹப்புக்குள்ள அந்த உதைய வாங்குறதுக்குன்னே ரப்பர் துண்டுங்க இருக்கும், அந்த ஹப்பையே வெட்டி ப்ராப் ஷாஃப்ட்ல சேத்துக்கிறது புத்திசாலித்தனம். லேத்துல ஒரு நாள் வேலை, ஆனா செயின் உயிர் பல மடங்கு நீளும்.

இன்னொண்ணு, பழைய இன்ஜின் வாங்குறப்ப இன்ஜின் நம்பர படிச்சுப் பாருங்க. நம்பர் சுரண்டியிருந்தா காசு எவ்ளோ குறைவா இருந்தாலும் வேண்டாம். பில் வாங்கிக்கோங்க, ஆர்சி காப்பி கிடைச்சா அதயும்.

தேறுற தள்ளுவிசை, இன்ஜின் நல்லா இருந்தா 50-லருந்து 60 கிலோ. மொத்தம் 230 கிலோன்னு வச்சாலும் நாலுல ஒரு பங்கு வருது, ஒத்த ஆளோட நல்லா எழும்பும். பெட்ரோல் முழு த்ராட்டில்ல மணிக்கு ஆறேழு லிட்டர் போகும்.

வி-ட்வின் இண்டஸ்ட்ரியல் இன்ஜின்

ரெண்டு சிலிண்டர் வி வடிவத்துல இருக்குற இன்ஜின். ஹோண்டா ஜிஎக்ஸ்690 மாதிரி 688 சிசி, 22 ஹெச்பி, 3600 ஆர்பிஎம். காங்கிரீட் தளம் மட்டம் பண்ற மெஷின், பெரிய ஜெனரேட்டர்ல இருக்கும். நாள் முழுக்க லோடுல ஓடுறதுக்குன்னே செஞ்சது, தனக்குன்னு ஃபேனும் காத்து மூடியும் அதுலயே இருக்கு, எங்க வச்சாலும் கூலிங்கப் பத்தி கவலப்பட வேண்டாம். பைக் இன்ஜின்ல மூணு வாரம் ஆகுற வேலை இதுல ஒரு வாரம்.

விலை தான் சிக்கல். புதுசு லட்சத்த தொடும். செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சா அதிர்ஷ்டம், ஆனா ஸ்பேர் சென்னை, கோயம்புத்தூர் மாதிரி ஊர்ல ஆர்டர் போட்டு வாங்கணும். எடை 44 கிலோ, பரவால்ல. நேரடியா 1.3 மீட்டர் ப்ராப்ப மாட்டுனா நுனி வேகம் 245-க்கு போயிடும், சத்தம் தாங்காது, கிராங்க் பேரிங்கும் 60, 70 கிலோ தள்ளுவிசைய தாங்குறதுக்கு செஞ்சதில்ல. 1.5-க்கு 1 பெல்ட் ரிடக்ஷன், 1.5 மீட்டர் ப்ராப், இதான் சரியான ஜோடி, 70 கிலோவுக்கு மேல தள்ளும்.

ரெண்டு பேர் போகணும், அடிக்கடி ஓட்டணும், வெல்டிங் தெரியும் ஆனா இன்ஜின நோண்ட நேரமில்லன்றவங்களுக்கு இது.

மாருதி 800 இன்ஜின்

796 சிசி, மூணு சிலிண்டர், 5000 ஆர்பிஎம்ல 37 ஹெச்பி. பழைய கார் உடைக்கிற இடத்துல பைக் இன்ஜின் விலைக்கே சில சமயம் கிடைக்கும், இது தான் எல்லாரையும் இழுக்குது. மூணு சிலிண்டர்ன்றதால அதிர்வு குறைவு, சாவி போட்டா ஸ்டார்ட் ஆகும். வெளிநாட்டுல சின்ன விமானம் கட்டுறவங்க சுசுகியோட மூணு சிலிண்டர் 1 லிட்டர் இன்ஜினுக்கு பெல்ட் ரிடக்ஷன் போட்டு பறந்திருக்காங்க, அதனால இந்த மாதிரி சின்ன சுசுகி இன்ஜின் தாங்குமான்ற சந்தேகம் வேண்டாம்.

ஆனா இன்ஜின் விலை இங்க செலவுல சின்னப் பங்கு. ரேடியேட்டர், ஹோஸ், பேட்டரி, வயரிங், ஃப்ளைவீல்ல போல்ட் பண்ண ஒரு அடாப்டர், 2-க்கு 1 பெல்ட் ரிடக்ஷன், 1.5 மீட்டர் ப்ராப், அத சுத்தி பெரிய கூண்டு. எல்லாம் சேந்து இன்ஜின் பக்கமே 110 கிலோ ஏறிடும். எடை ஏறுனா போட் பெருசாகணும், போட் பெருசானா ப்ளைவுட், ரெசின், ட்ரெய்லர் எல்லாம் பெருசாகணும். தள்ளுவிசை 100 கிலோ வரும், மொத்தம் 325 கிலோ கிட்ட இருக்கும், மூணுல ஒரு பங்கு, தாமரை மேலயும் சேத்துலயும் ஏறும். முழு த்ராட்டில்ல மணிக்கு பத்து லிட்டருக்கு மேல பெட்ரோல்.

வெள்ளத்துல ஆளுங்கள கூட்டிட்டு வரணும், ரெண்டு மூணு பேர் நண்பர்கள் சேந்து செலவ பகிர்ந்துக்கிறீங்க, இடமும் ட்ரெய்லரும் இருக்குன்னா இது சரி. தனி ஆளா மொட்டை மாடியில கட்டுறவங்களுக்கு இல்ல.

பாராமோட்டர் இன்ஜின்

முதுகுல மாட்டிக்கிட்டு பாராசூட் மாதிரி இறக்கையில பறக்குறவங்க வச்சிருக்கிற இன்ஜின் இது. சுருக்கமா சொல்லிடுறேன். மோஸ்டர் 185 மாதிரி இன்ஜின் 25 ஹெச்பி, எடை 15 கிலோவ ஒட்டி, 1.3 மீட்டர் ப்ராப்ல 75 கிலோ தள்ளும், ரிடக்ஷனும் கூடவே வருது. தொழில்நுட்பமா பாத்தா ஏர்போட்டுக்கு இத விட அழகான இன்ஜின் இல்ல. ஆனா இறக்குமதி, விலை லட்சக் கணக்கு, ஸ்பேரும் வெளியருந்து தான். பறக்குறத விட்டுட்ட யாராவது பாதி விலைக்கு தந்தா மட்டும் யோசிங்க.

ஒரே பார்வையில

| | 6.5 ஹெச்பி | பைக் | வி-ட்வின் | மாருதி 800 |
|---|---|---|---|---|
| தள்ளுவிசை (கிலோ) | 20–26 | 50–60 | 70 | 100 |
| மொத்த எடை, ஆளோட (கிலோ) | 150 | 230 | 260 | 325 |
| இன்ஜின் செலவு | குறைவு | குறைவு | அதிகம் | குறைவு |
| மத்த செலவு | குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் | அதிகம் |
| லேத் வேலை | கொஞ்சம் | நெறைய | கொஞ்சம் | நெறைய |
| ஸ்பேர் | எல்லா ஊர்லயும் | எல்லா ஊர்லயும் | பெரிய ஊர்ல | எல்லா ஊர்லயும் |

எந்த இன்ஜின் போட்டாலும் தப்பாத செலவு

ப்ராப்ல காச மிச்சம் பிடிக்காதீங்க. கூலிங் டவர் ஃபேன் பிளேடு, இண்டஸ்ட்ரியல் எக்ஸாஸ்ட் ஃபேன் பிளேடு எல்லாம் பழைய இரும்புக் கடையில பாக்க ப்ராப் மாதிரியே இருக்கும், ஆனா அதெல்லாம் இந்த நுனி வேகத்துல மூணுல ஒரு பங்குக்கு செஞ்சது. பலகைய அடுக்கி எபாக்ஸில ஒட்டி செதுக்குன மரப் ப்ராப் கிடைச்சா போதும், ஆர்டர் குடுக்கும்போது எந்தப் பக்கம் சுத்தும், பின்னாடியிலருந்து தள்ளுறதுன்றத தெளிவா சொல்லிடுங்க. கூண்டு ரெண்டு பக்கமும் வேணும், கம்பி வலையில கை நுழையக்கூடாது. இன்ஜின உடனே நிறுத்துற கில் ஸ்விட்சோட கயிறு ஓட்டுறவர் மணிக்கட்டுல இருக்கணும்.

போட்டுக்கு 710 கிரேடு மரைன் ப்ளை 6 எம்எம் போதும், 8க்கு 4 ஷீட் ஒண்ணு 12 கிலோ வரும், மூட்டுல ஃபைபர் மேட்டும் எபாக்ஸியும். அடியில கட்டையோ, கீல்ன்ற நடு அடிமரமோ எதுவும் துருத்தக்கூடாது, வழுவழுன்னு இருக்கணும். தட்டை அடி 3 சதுர மீட்டர் இருந்தா 300 கிலோவுக்கு 10 சென்டிமீட்டர் தான் அமுங்கும். உள்ள மிதவைக்கு தெர்மாகோல் அடைக்கிறாங்க, பெட்ரோல் பட்டா அது கரைஞ்சுடும், பாலியெஸ்டர் ரெசின் பட்டாலும் கரையும், அதனால மூடி போட்ட காலி பிளாஸ்டிக் கேன் மேல். ஒரு கன அடி காத்து 28 கிலோவ தாங்கும், அத வச்சு இன்ஜினோட சேத்து போட் மூழ்காத அளவுக்கு கணக்குப் பண்ணுங்க.

ஓட்டுறதுல ஒரு விஷயம் மனசுல இருக்கட்டும், ஏர்போட்டுக்கு பிரேக்கும் கிடையாது, ரிவர்ஸும் கிடையாது, சுக்கான் வேலை செய்யுறது ப்ராப் காத்துல தான். பயந்துபோய் த்ராட்டில விட்டா திருப்புற சக்தியும் கூடவே போயிடும்.

ஏர்போட்டே தான் வேணுமா

உங்க தண்ணி முழங்காலுக்கு மேல ஆழம், கொடி செடி அதிகமில்லன்னா, அதே 6.5 ஹெச்பி இன்ஜின ஒரு நீள ஷாஃப்ட் வால்ல மாட்டுங்க, நம்ம மீனவர்கள் வள்ளத்துல லம்பார்டினி டீசல் இன்ஜின் மாட்டுற மாதிரி. தண்ணிக்குள்ள சுத்துற ப்ராப் அதே சக்திக்கு பல மடங்கு தள்ளும், செலவும் கால்வாசி, சத்தமும் குறைவு. ஏர்போட் ஜெயிக்கிறது அரை அடி தண்ணி, சேறு, ஆகாயத்தாமரை, தண்ணியும் தரையும் மாறி மாறி வர்ற இடம், இங்க மட்டும் தான்.

அனுமதி விஷயமும் சேத்துக்கோங்க. 2021-ல வந்த உள்நாட்டுக் கப்பல்கள் சட்டப்படி இன்ஜின் வச்ச போட்டுக்கு பதிவு வேணும், ஏரின்னா அந்த ஏரிய பாத்துக்கிற துறையில கேக்கணும். பழவேற்காடு மாதிரி பறவை சரணாலயத்துல வனத்துறை அனுமதி இல்லாம இறக்கவே கூடாது, பூநாரைங்க வந்து இறங்குற காலத்துல 200 மீட்டர் நுனி வேகத்துல ஒரு ப்ராப் அலறுனா அந்தக் கூட்டம் அன்னைக்கு இரை எடுக்காது. அனுமதி கிடைக்குமான்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் இன்ஜின் பாக்கப் போங்க.

போட் கட்டுறதுக்கு முன்னாடி

ப்ளைவுட் வாங்குறதுக்கு முன்னாடி இன்ஜின், ஃப்ரேம், ப்ராப், கூண்டு நாலையும் முடிச்சுடுங்க. அத சக்கரம் வச்ச ஒரு தள்ளு பலகை மேல போல்ட் பண்ணி, மட்டமான சிமெண்ட் தரையில நிறுத்தி, ஒரு மரத்துக்கும் அதுக்கும் நடுவுல கயித்துல தொங்கு தராச மாட்டி முழு த்ராட்டில் குடுங்க. ப்ராப் சுத்துற கோட்டுக்கு நேரா யாரும் நிக்கக்கூடாது, த்ராட்டில் கேபிள் நீளமா இருக்கட்டும். தராசு காட்டுற கிலோவ அஞ்சால பெருக்குங்க, மொத்த எடை அதுக்குள்ள அடங்குற மாதிரி போட்ட வரைஞ்சா எழும்பும். அடங்கலன்னா இன்ஜின மாத்தாதீங்க, முதல்ல ரிடக்ஷன மாத்தி இன்னும் பெரிய ப்ராப் போட்டு திரும்ப தராசுல பாருங்க.